வடாம் நமத்துப்போவதும் ஒரு பாலிமர் ஆராய்ச்சி வாழ்க்கையும்

சேலம் மாவட்டத்துத் தலைவாசல் பக்கத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த, எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டிருக்கிறார். சிறு அலகுகள் சங்கிலிபோல் கோத்து உண்டாகும் நீண்ட மூலக்கூறுகளை ஆராயும் பாலிமர் துறையில், அதிலும் சூழலுக்கு இசைவான பொருள்களில், ஆராய்ச்சி செய்கிறவரின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும். நம் ஊர்க் கிழங்கு மாவிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாற்று செய்துவிடலாம் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் மெய். அதற்காக ஓர் ஆயுளைக் கொடுப்பது தகுமா. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து முப்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறவன் என்ற முறையில் மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நடுவில் உள்ள கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் மற்ற இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

உங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தொடங்கலாம். சித்திரை வெயிலில் ஜவ்வரிசிக் கஞ்சியைக் காய்ச்சி, பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றிக் காயவைக்கும் வடாம், வேதியியல் கணக்கில் ஒரு ஸ்டார்ச் (மாவுச்சத்து) படலம். ஸ்டார்ச் மணிகள் தண்ணீரில் அறுபது, எழுபது டிகிரி செல்சியஸில் உப்பிக் குலைகின்றன. உள்ளே அடைபட்டுக் கிடந்த அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் நீண்ட சங்கிலிகள் வெளிப்பட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தண்ணீர் போனதும் அந்தப் பின்னல் அப்படியே இறுகிவிடுகிறது. காய்ந்த வடாம் கண்ணாடித் துண்டுபோல் உடைவதற்கும், ஐப்பசி மழையில் டப்பாவைத் திறந்துவைத்தால் நமத்துப்போவதற்கும் காரணம் ஒன்றே. காற்றிலுள்ள ஈரம் சங்கிலிகளின் நடுவே புகுந்தால் அவை நகரத் தொடங்குகின்றன. ஈரம் வெளியேறினால் நின்ற இடத்தில் உறைந்துவிடுகின்றன. இதைப் பாலிமர் அறிவியலில் கண்ணாடி நிலைமாற்றம் என்கிறோம். என் ஆராய்ச்சிக் காலத்தின் பெரும்பகுதி இந்த நமத்துப்போதலைப் புரிந்துகொள்வதிலேயே கழிந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

சேலத்துக்காரர்களாகிய நமக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே வந்து சேர்ந்தது. உலகப் போரின்போது கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் மலேயாவில் ஜவ்வரிசித் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, சேகோ பனைக்குப் பதிலாக மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் முறையை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1981இல் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு தொடங்கியது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழங்கின் விலையையே ஸ்டார்ச் எத்தனை 'பாயிண்ட்' இருக்கிறது என்று பார்த்து நிர்ணயிக்கும் ஊர் இது. ஒரு பாலிமரின் அளவை வைத்துப் பயிரை விலை பேசும் விவசாயியின் மகளுக்கு, அந்தப் பாலிமர் என்ன செய்யும், என்ன செய்யாது என்று கேட்கும் உரிமை யாரைவிடவும் அதிகம் உண்டு.

என் முதல் தவறைச் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தைவிட அது உங்களுக்கு அதிகம் பயன்படும். ஆராய்ச்சி மாணவனாக இருந்த முதல் ஆண்டில், மரவள்ளி ஸ்டார்ச்சோடு அதன் எடையில் முப்பது விழுக்காடு கிளிசரின் சேர்த்துப் படலங்கள் செய்துகொண்டிருந்தேன். கிளிசரின் சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து அவற்றை இளக்கிக் கொடுக்கும் பொருள். அது இல்லாவிட்டால் படலம் மடங்கவே மடங்காது. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது சில படலங்களை உடன் கொண்டுவந்திருந்தேன். ஏப்ரல் மாதச் சேலத்தில் நான்கு நாள் அலமாரியில் இருந்தவை, கையில் எடுத்து மடித்தபோது அப்பளம்போல் நொறுங்கின. அதே தொகுப்பைச் சேர்ந்த மிச்சப் படலங்களை ஆடி மாதத்தில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குச் சென்றபோது ஏற்காட்டுக்கு எடுத்துப்போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனதும் மூடுபனி. இரண்டு நாளில் அந்தப் படலங்கள் ஈரத் தோல்போல் தொய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

நான் செய்த கலவைதான் சீராக இல்லை என்று முடிவுகட்டி, அடுத்த பத்து மாதங்கள் கிளிசரின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு படலத்தையும் சோதிக்கும் முன்னும் பின்னும் எடை போட்டிருந்தால் முதல் வாரத்திலேயே உண்மை தெரிந்திருக்கும். படலம் மாறவில்லை, அதற்குள் இருந்த தண்ணீரின் அளவு மாறியிருந்தது. குளுக்கோஸ் அலகு ஒவ்வொன்றிலும் தண்ணீரை ஈர்க்கும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கும் ஒரு மூலக்கூறு, காற்றிலுள்ள ஈரத்தோடு எந்நேரமும் கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டே இருக்கிறது; போதாததற்கு நாம் சேர்க்கும் கிளிசரினும் ஈரத்தை இழுக்கும் பொருள். சேலத்து அடிவாரத்துக்கும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் சாலையும் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர வேறுபாடும்தான் இருக்கின்றன. அந்த இடைவெளியிலேயே இரண்டு வேறு பொருள்களாகிவிடும் ஒன்றை, நாடு முழுவதற்கும் பை செய்து விற்கலாம் என்று சொல்வது எவ்வளவு அவசரமான பேச்சு என்பதை அன்று உணர்ந்தேன்.

இதோடு காலமும் சேர்ந்துகொள்கிறது. இரவு கிளறிய களி மறுநாள் காலையில் இறுகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெந்து கலைந்த சங்கிலிகள் மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாவதால் அது நடக்கிறது. ஸ்டார்ச் படலத்திலும் அதே மாற்றம் வாரக்கணக்கில் நடக்கிறது. முதல் நாள் அருமையாக இழுபட்டு நீளும் படலம் ஒரு மாதம் கழித்து விறைத்துப்போகும். ஆகவே 'இவ்வளவு வலிமை வந்தது' என்று யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், எத்தனை நாள் கழித்து, எந்த ஈரப்பதத்தில் அளந்தது என்று கேளுங்கள். அந்த இரண்டையும் சொல்லாத எண்ணை நான் ஏற்பதில்லை.

இந்தக் குறையை வெல்ல உலகம் முழுவதும் பல வழிகளை முயன்றிருக்கிறார்கள். தண்ணீரை விரும்பாத இன்னொரு பாலிமரோடு ஸ்டார்ச்சை, இரண்டு திருகுகள் சுழன்று பிசையும் எக்ஸ்ட்ரூடர் என்னும் இயந்திரத்தில் உருக்கிக் கலப்பது அவற்றில் முக்கியமானது. இன்று 'மக்கும் பை' என்று கடைகளில் கிடைப்பவற்றில் பல, ஸ்டார்ச்சோடு பிபிஏடி என்னும் பாலியெஸ்டரைச் சேர்த்துச் செய்தவை. அந்தப் பாலியெஸ்டர் பெரும்பாலும் பெட்ரோலிய மூலத்திலிருந்து வருவது என்றாலும் நுண்ணுயிர்களால் சிதையக்கூடியது. இதற்கு நேர்மாறாகச் செடியிலிருந்து வந்தும் மண்ணில் எளிதில் சிதையாத பிளாஸ்டிக்குகளும் உண்டு. கரும்புச் சாராயத்திலிருந்து செய்த பாலிஎத்திலீன், எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த பாலிஎத்திலீனைப் போலவே நெடுங்காலம் கிடக்கும். எங்கிருந்து வந்தது என்பதும் எங்கே போய் முடியும் என்பதும் தனித்தனிக் கேள்விகள். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால் வீணான பணமும் உழைப்பும் கொஞ்சநஞ்சமில்லை.

பாலிலாக்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கி, நொதிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதிலிருந்து செய்யும் நல்ல பாலிமர் அது. பளிங்குபோல் தெளிவாக இருக்கும். ஆனால் அதன் கண்ணாடி நிலைமாற்றம் ஏறக்குறைய அறுபது டிகிரியில் நிகழ்கிறது. வைகாசி மாதத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அதில் செய்த கோப்பை சாய்ந்துபோகக்கூடும். ஏறக்குறைய அதே எண் இன்னொரு இடத்திலும் குறுக்கே வருகிறது. இது மக்கும் என்று சான்று கொடுக்கும் சோதனைகள், தொழிற்சாலை உரக்குழியின் ஏறத்தாழ 58 டிகிரி வெப்பத்தில் நடத்தப்படுகின்றன. ஐரோப்பிய இஎன் 13432 தரநிலையின்படி ஆறு மாதங்களுக்குள் அதன் கார்பனில் 90 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். அந்தச் சான்றைப் பெற்ற கோப்பையை ஏற்காட்டுக் காபித் தோட்டத்தின் குளிர்ந்த மண்ணில் ஒரு சுற்றுலாப் பயணி வீசிவிட்டுப் போனால், அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். சான்றில் பொய் இல்லை. அது சொல்லும் குழி நம் மலையில் இல்லை.

ஒருமுறை ஒரு தயாரிப்பாளர், தம் பைகள் மக்கக்கூடியவை என்று எங்கள் ஆய்வகம் எழுதித் தர வேண்டுமெனக் கேட்டு வந்தார். பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தப் பை சாதாரணப் பாலிஎத்திலீன். உலோக உப்பு சிறிது கலந்திருந்தது. வெயிலில் வைத்தால் சில மாதங்களில் பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்த ஒவ்வொரு துகளும் பாலிஎத்திலீனாகவே இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் போவதை மக்குவது என்று எழுதித்தர நான் மறுத்ததால், பல மாதங்கள் மேலிடத்தின் அதிருப்தியைத் தாங்கவேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் இவ்வகைப் பொருள்களின் விற்பனையைத் தடை செய்தது. இத்துறைக்கு வருகிறவர்கள் இத்தகைய கையெழுத்து கேட்கப்படும் நாளுக்கு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். அது நிச்சயம் வரும்.

அப்படியானால் இவ்வளவு பாடுபடுவது எதற்கு என்று கேட்பீர்கள். 2017இல் வெளியான ஒரு விரிவான கணக்கீட்டின்படி, 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் ஏறக்குறைய 830 கோடி டன். அதில் கழிவாகிவிட்டது 630 கோடி டன். அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது ஒன்பது விழுக்காடு மட்டுமே. சேலம் மாநகரத்தின் செட்டிச்சாவடிக் குப்பைக் கிடங்கைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்த எண்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. சட்டம் ஒரு பொருளை விலக்கலாம்; அந்த இடத்தில் வைக்க ஒன்றை யாராவது செய்து தர வேண்டும். ஏற்கெனவே குவிந்துவிட்டதற்கும் வழி தேட வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் அந்த இரண்டாவது வேலையைச் செய்தார். ஏறத்தாழ 160 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லின் மீது படலமாகப் படியும், பிறகு சேர்க்கும் தாரும் அதோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டிச் சாலைகள் போட வழிசெய்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் புதிய மூலக்கூறு எதையும் படைக்கவில்லை. பிளாஸ்டிக் எதோடு ஒட்டும், எதோடு ஒட்டாது என்ற ஒரே குணத்தைப் பிடித்துக்கொண்டார். பொருளியல் ஆராய்ச்சியின் மிகச் சிறந்த முறை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் கேள்வி கிழங்கைப் பற்றியது என்பதால், ஒரு கருத்தை அழுத்திச் சொல்கிறேன். முதல்தர ஸ்டார்ச்சைப் பையாக்குவதில் எனக்கு விருப்பம் இல்லை. அது உணவு, அதற்கென்று நிலமும் நீரும் உரமும் செலவாகியிருக்கின்றன, அரைவை ஆலையின் கழிவுநீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என் மனம் திப்பியில் இருக்கிறது. கிழங்கை அரைத்து மாவுப்பால் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சும் இந்தச் சக்கையின் உலர் எடையில் பாதியளவுக்கு ஸ்டார்ச் இன்னும் தங்கியிருக்கிறது. மீதியில் பெரும்பகுதி நார். நாரும் ஸ்டார்ச்சும் ஒன்றாகவே கிடைப்பதால், அது இயற்கையே பாதி செய்து கொடுத்த கூட்டுப்பொருள் போன்றது. நார், படலத்தின் வலிமையைக் கூட்டி, ஈரம் வாங்கும் வேகத்தைக் குறைக்கிறது. இன்று மாட்டுத் தீவனமாகக் குறைந்த விலைக்குப் போகும் திப்பியைக் கொண்டு, சில வாரங்களே உழைக்க வேண்டிய நாற்றுக் கிண்ணங்களைச் செய்யலாம். நாற்றுக் கிண்ணம் நமத்துப்போவது குறையே ஆகாது. மண்ணுக்குள் போய்க் கரைய வேண்டியதுதான் அதன் வேலை. தண்ணீரை விரும்பும் பொருளைத் தண்ணீர் வேண்டாத இடத்தில் கட்டாயப்படுத்தி நிறுத்தாமல், தண்ணீர் வேண்டிய இடத்துக்கு அதைக் கொண்டுபோக எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும். இரண்டு பயிர்களுமே பாலிமரின் மூலப்பொருள்கள். விளக்கெண்ணெயில் மிகுந்திருக்கும் ரிசினோலிக் அமிலத்தை அதிக வெப்பத்தில் பிளந்து, பல படிகளைத் தாண்டி நைலான் 11 செய்கிறார்கள். எரிபொருள் குழாய்களுக்கும் லாரிகளின் காற்றுப் பிரேக் குழாய்களுக்கும் அது பயன்படுகிறது. மக்காது; நீண்ட காலம் உழைக்கும். நெடுநாள் உழைக்க வேண்டிய இடத்தில் நெடுநாள் உழைக்கும் பொருளே சூழலுக்கு நல்லது என்பதால், அதையும் இந்தத் துறையின் வெற்றியாகவே எண்ணுகிறேன். சேலத்து வெள்ளைக்கல்லான மேக்னசைட்டிலிருந்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடும், சேர்வராயன் மலையில் கிடைக்கும் பாக்சைட்டிலிருந்து அலுமினியம் ஹைட்ராக்சைடும் செய்ய முடியும். இரண்டும் மின்கம்பி உறைகளில் தீப்பரவலைத் தடுக்கச் சேர்க்கப்படுபவை. சூடேறும்போது நீராவியை வெளியிட்டுக் குளிர்விக்கின்றன. நம் மாவட்டத்தின் மண்ணிலேயே இத்தனை பாடம் இருக்கிறது.

இனி வாழ்க்கையைப் பற்றி. நெட் தேர்விலோ கேட் தேர்விலோ தேறி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் ஐந்தாண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட் தேர்வின் பொறியியல் அறிவியல் தாளில் பாலிமருக்கென்றே ஒரு பிரிவு உண்டு. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய். வீட்டுக்குப் பாரமாக இல்லாமல் படிக்க அது போதும், ஆனால் சில இடங்களில் தாமதமாக வரும், கையில் மூன்று மாதச் செலவுக்கு வைத்துக்கொண்டே சேருங்கள். புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகம், சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கிண்டியிலுள்ள பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட், கிழங்குக்கென்றே 1963 முதல் இயங்கும் திருவனந்தபுரத்து மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றின் பணிகளைப் படித்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியைக் கவனித்துத் தேர்ந்தெடுப்பது முக்கியம். அவரிடம் முடித்த மாணவர்களிடம் தனியாகப் பேசாமல் சேராதீர்கள். வெளியூருக்கு அனுப்ப வீட்டில் தயங்குவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவிடம் பாயிண்ட் கணக்கிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். ஸ்டார்ச் என்றால் என்னவென்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

அன்றாட வேலை பொறுமையைக் கேட்கும். காயவைப்பது, எடை போடுவது, டம்பெல் வடிவில் வெட்டுவது, இழுத்துப் பார்ப்பது, மறுபடி காயவைப்பது என்றே ஆண்டின் பெரும்பகுதி போய்விடும். பத்துச் சோதனைகளில் ஒன்றிரண்டு மட்டுமே கட்டுரைக்குள் போகும். ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல், ரப்பர் போன்ற பொருள்கள் பல அலகுகள் கோத்த நீள மூலக்கூறுகள் என்று எழுதியபோது பெரிய வேதியியலாளர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். நோபல் பரிசு 1953இல் வந்தது. பாக்டீரியாவுக்குள் பிளாஸ்டிக் போன்ற பொருள் சேர்கிறது என்று மாரிஸ் லெமுவான் 1926இல் கண்டறிந்தார். அதைத் தொழிலாக்கும் முயற்சி நூறாண்டாகியும் இன்னும் விலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கால அளவுகளை மனம் ஏற்றுக்கொள்ளுமா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். ஏற்றுக்கொள்ளும் என்றால், ஓர் ஆயுளைக் கொடுப்பது தகும். நான் கொடுத்ததற்கு ஒருநாளும் வருந்தியதில்லை.

பட்டம் முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்க ஒரு வழி சொல்கிறேன். ஐந்து கிராம் கிழங்கு மாவை நூறு மில்லி தண்ணீரில் கரைத்து, ஒன்றரை கிராம் கிளிசரின் சேர்த்து, கைவிடாமல் கிளறி எண்பது டிகிரி வரை சூடாக்குங்கள். தெளிந்து கெட்டியானதும் சமமான தட்டில் ஊற்றி நிழலில் காயவிடுங்கள். பிறகு காற்றுப் புகாத இரண்டு டப்பாக்களை எடுத்து, ஒன்றின் அடியில் கரையாத உப்பு மிஞ்சி நிற்கும் அளவுக்குச் சோற்றுப்புக் கரைசலையும், மற்றதில் அதேபோல் மெக்னீசியம் குளோரைடு கரைசலையும் வையுங்கள். முதல் டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 விழுக்காட்டிலும், அடுத்ததில் 33 விழுக்காட்டிலும் நிலையாக நிற்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. படலத் துண்டுகளைக் கரைசலில் படாமல் உள்ளே தொங்கவிட்டு, தினமும் ஒரே நேரத்தில், கல்லூரித் தராசில் எடை பாருங்கள். எடை மாறாமல் நிற்கும் நாளைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு மடித்துப் பாருங்கள். மாவுக்குப் பதிலாகப் பொடித்துச் சலித்த திப்பியைச் சேர்த்து இன்னொரு வரிசையும் செய்யுங்கள். ஒரு மாதக் குறிப்பேட்டை எனக்கு அனுப்பினால், அதைப் படித்துவிட்டு எந்த வழிகாட்டிக்கு எழுதலாம் என்று சொல்கிறேன். ஆடியில் ஏற்காடு போவதாக இருந்தால் நான்கு துண்டுகளைக் கையோடு எடுத்துப்போய், அடிவாரத்தில் ஒருமுறையும் மேலே இரண்டு நாள் வைத்திருந்த பின் ஒருமுறையும் எடை போடுங்கள். கல்லூரித் தராசு கிடைக்காவிட்டால் நகைக்கடைத் தராசே போதும்.